கூப்பா கிராமத்துக்குப் பட்டா இல்லை

ஒரு நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும்? இன்னார் இன்னாருக்குக் கிரயம் செய்தார், அவர் அடமானம் வைத்தார், அவருடைய வாரிசுகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்த மண்ணில் மாடு மேய்த்தவர், வாய்க்கால் வெட்டியவர், அங்கேயே செத்துப் புதைந்தவர் பெயர் எதுவும் வராது. யார் வாங்கினார், யார் விற்றார் என்பது மட்டும்தான் அந்தச் சான்றுக்கு வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகரத்துக்கு வடகிழக்கே மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதற்கு ‘வார்னர் பண்ணை’ என்று பெயர். பரப்பு சுமார் 44,000 ஏக்கர். கலிபோர்னியா மெக்சிகோவின் கையில் இருந்த காலத்தில் தனியாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மானிய நிலங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பண்ணைக்குத்தான் இங்கே நான் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன். போர்ட்டியா, பீக்கோ, வார்னர், டவுனி, ஹார்வி என்று பெயர்கள் ஒழுங்காக வருகின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஊரின் பெயர் மட்டும் வரவில்லை.

அந்த ஊரின் பெயர் கூப்பா. பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் பொங்கிவரும் ஊற்றின் ஓரத்தில் இருந்த ஊர். அங்கே வாழ்ந்தவர்கள் கூப்பேனோ என்ற பூர்வகுடி மக்கள். எப்போதுமே சில நூறு பேர்தான். அவர்களுக்கென்று தனி மொழி இருந்தது, தனிக் குலக்கதைகள் இருந்தன. சிறிய இனம், சிறிய ஊர். ஆனால் கலிபோர்னியா முழுவதும் பூர்வகுடிகள் நிலம் இழந்த கதையை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஊரைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்பானிய கத்தோலிக்கப் பாதிரியார்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். 1798இல் நிறுவப்பட்ட சான் லூயிஸ் ரே மிஷன் இதைத் தன் மேய்ச்சல் நிலங்களில் ஒன்றாக்கிக்கொண்டது. மிஷன் என்றவுடன் நமக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நினைவுக்கு வரலாம். கலிபோர்னியா மிஷன்கள் முதலில் உழைப்பு முகாம்கள். ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடி அனுமதி இல்லாமல் வெளியே போனால் படைவீரர்களை அனுப்பிப் பிடித்துவருவார்கள், கசையடி கொடுப்பார்கள். நிலம் யாருடையது என்று கேட்டால், பூர்வகுடிகளுக்காகச் சபை பொறுப்பேற்று வைத்திருக்கிறது, அவர்கள் ‘பக்குவம்’ அடைந்ததும் திருப்பித் தரப்படும் என்று பதில் வரும். யார் பக்குவம் அடைந்தார்கள் என்று முடிவு செய்வது யார்? அதுவும் சபைதான்.

1821இல் மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. இனி எல்லோரும் சமக் குடிமக்கள், பூர்வகுடிகளும் குடிமக்களே என்று புதிய நாடு அறிவித்தது. 1833இல் மிஷன்களைச் சபையின் பிடியிலிருந்து விடுவிக்கும் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு கலிபோர்னியா ஆளுநர் ஃபிகரோவா போட்ட விதிகளின்படி, மிஷன் சொத்தில் பாதி அங்கே உழைத்த பூர்வகுடிகளுக்குப் போகவேண்டும். காகிதத்தில் அருமையான நிலச் சீர்திருத்தம். நடந்தது என்னவென்றால், மிஷன்களைப் பிரித்துக்கொடுக்க நியமிக்கப்பட்ட நிர்வாகிகளும் அவர்களுடைய உறவினர்களும் நண்பர்களும் நிலத்தைத் தங்களுக்கே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மானியங்கள் வழங்கப்பட்டன. பூர்வகுடிகளின் பெயருக்கு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கூப்பா பள்ளத்தாக்கு முதலில் 1836இல் சில்வெஸ்திரே டி லா போர்ட்டியா என்பவருக்குப் போனது. பிறகு 1840இல் வெந்நீர் ஊற்றுள்ள பகுதி ஹோசே அந்தோனியோ பீக்கோ என்பவருக்கு. இவருடைய சகோதரர் பியோ பீக்கோ அந்த ஆண்டுகளில் சான் லூயிஸ் ரே மிஷனின் நிர்வாகியாக இருந்தவர். பின்னால் கலிபோர்னியாவின் கடைசி மெக்சிகோ ஆளுநரும் ஆனார். அண்ணன் தம்பி கணக்கு எங்கேயும் ஒரே கணக்குதான்.

பீக்கோ குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ‘காஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் நாம் சாதிக்குச் சொல்லும் சொல், ஸ்பானியர்களும் போர்ச்சுக்கீசியர்களும் பயன்படுத்திய ‘காஸ்தா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. போர்ச்சுக்கீசியர்கள் அதை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்து, இங்கே கண்டதற்கு ஒட்டினார்கள். ஸ்பானியர்கள் அதே சொல்லை அமெரிக்கக் கண்டத்தில் கலப்பு வம்சங்களைத் தரம் பிரிக்கப் பயன்படுத்தினார்கள். ஸ்பானியர், மெஸ்தீசோ, முலாத்தோ, இந்தியர், கறுப்பர் என்று பட்டியல் நீளும். பீக்கோ சகோதரர்களின் முன்னோரில் ஆப்பிரிக்கர், பூர்வகுடி, ஸ்பானியர் மூவரும் உண்டு. 1790இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எடுத்த கணக்கெடுப்பு அவர்களுடைய பாட்டனை மெஸ்தீசோ என்றும் பாட்டியை முலாத்தா என்றும் பதிவு செய்திருக்கிறது. தலைநகரிலிருந்து இவ்வளவு தொலைவில் அந்தப் பட்டியல் தளர்ந்துவிட்டது; ஒரு கணக்கெடுப்பில் ஒரு பெயரும் அடுத்ததில் ஒரு படி மேலான பெயருமாக மனிதர்கள் ஏறிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கும்போது முதலில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. காஸ்தா உடைகிறதே என்று. ஆனால் அது உடைந்த இடத்தில் இன்னொன்று முளைத்திருந்தது. கலிபோர்னியாவில் மனிதர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: ‘ஹெந்தே டி ராசோன்’, அதாவது புத்தியுள்ள மக்கள், ஒரு பக்கம். புத்தியில்லாதவர்கள் மறுபக்கம். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கலப்பினத்தவரும் புத்தியுள்ளவர்கள் பக்கம் சேர்ந்துகொள்ள முடிந்தது. அதற்கு நிலம், படைவேலை, ஸ்பானிய மொழி, கிறிஸ்தவப் பெயர் எல்லாம் உதவின. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பூர்வகுடிகள். மேலே ஏறியவர்கள் ஏணியை உடைக்கவில்லை, ஏணியின் கடைசிப் படியில் கூப்பேனோக்களை நிறுத்திவிட்டு ஏறினார்கள். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1844இல் இந்த நிலம் மூன்றாவது கைக்குப் போகிறது. ஜோனதன் ட்ரம்புல் வார்னர் 1807இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். தோல் வியாபாரக் கூட்டத்தோடு மேற்கே வந்தவர். மெக்சிகோ குடிமகனாகி, ஹோசே என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு ஹுவான் ஹோசே வார்னர் ஆனார். நெட்டையாக இருந்ததால் ஊரார் ‘நெட்டை ஹுவான்’ என்று அழைத்தார்கள். பீக்கோ குடும்பத்தில் வளர்ந்த பெண்ணை மணந்தார். மதம், பெயர், குடியுரிமை, கல்யாணம், அப்புறம் நிலம். சரியான வரிசை.

1846 டிசம்பரில் அமெரிக்கப் படை கலிபோர்னியாவைப் பிடிக்க வரும்போது முதலில் நுழைந்த இடங்களில் ஒன்று வார்னரின் பண்ணை. படையோடு வந்த எமோரி என்ற பொறியாளர் தன் குறிப்பில் ஒரு தகவலை எழுதிவைத்தார். இங்கே வேலைகளைச் செய்வது பூர்வகுடிகள்; அவர்களுக்கு மாதக் கூலி மூன்று டாலர், கூடவே அடிக்கடி சாட்டையடி. சொந்த ஊரில், சொந்த ஊற்றின் ஓரத்தில் கூப்பேனோக்கள் பண்ணையாட்கள் ஆகியிருந்தார்கள்.

பண்ணை முறை கொடுமையானது. ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பண்ணையாருக்கு ஆள் தேவை. ஆகவே ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மெக்சிகோ காலத்து மானியங்கள் பலவற்றில், அங்கே குடியிருக்கும் பூர்வகுடிகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அதைக் கருணை என்று நான் சொல்லமாட்டேன். மாட்டையும் மேய்ப்பவனையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்து வந்த முதலாளித்துவத்துக்கு மாடு மட்டும் போதும், மேய்ப்பவன் வேண்டாம் என்றானபோதுதான் ஊரே போனது.

1848 பிப்ரவரியில் மெக்சிகோவும் அமெரிக்காவும் குவாடலூப் இடால்கோ உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கலிபோர்னியா அமெரிக்காவுக்குப் போனது. ஏற்கெனவே இருக்கும் சொத்துரிமைகள் மதிக்கப்படும் என்று உடன்படிக்கை சொன்னது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். இனி இந்தக் கதையில் ஆண்டுகளையும் மாதங்களையும் கொஞ்சம் பொறுமையாகக் கவனியுங்கள். என் வாதம் முழுக்க அவற்றில்தான் இருக்கிறது.

1849இல் எழுதிய மாநில அரசியல் சட்டம் வாக்குரிமையை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் கொடுத்தது. அதை எழுதிய அவையில் மெக்சிகோ வம்சாவளிப் பண்ணையார்களும் இருந்தார்கள். அவர்களில் பாப்லோ டி லா கெர்ரா எழுந்து, வெள்ளை என்றால் என்ன அர்த்தம், எங்களில் பலருக்குத் தோல் கறுப்பு என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஆப்பிரிக்கர்களை விலக்குவதுதான் நோக்கமென்றால் அந்தச் சொல்லில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அதே அவையில் மானுவேல் தொமிங்கஸ் என்ற பெரும் பண்ணையாரும் இருந்தார். சான் பெத்ரோ பண்ணையின் சொந்தக்காரர். அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர். 1857இல் அவர் ஒரு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனபோது, உடம்பில் பூர்வகுடி ரத்தம் ஓடுகிறது என்று சொல்லிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். தான் கையெழுத்துப் போட்ட மாநிலத்தில் சாட்சி சொல்லக்கூட அவருக்குத் தகுதியில்லாமல் போனது.

1850 ஏப்ரலில் ‘இந்தியர்களை ஆள்வதற்கும் பாதுகாப்பதற்குமான சட்டம்’ வந்தது. (சட்டம் சொல்லும் இந்தியர் நாம் அல்ல, கொலம்பஸின் திசைக் குழப்பத்தால் வந்த பெயர் அது.) பூர்வகுடியின் சாட்சியத்தை வைத்து எந்த வெள்ளையரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கக் கூடாது. வேலையில்லாமல் திரியும் பூர்வகுடியைக் கைது செய்து, அதிக விலை கேட்பவருக்குக் கூலியாளாக ஏலம் விடலாம். பூர்வகுடிக் குழந்தைகளை வெள்ளையர்கள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வேலை வாங்கலாம். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

1851 மார்ச் 3ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றம் நிலச் சட்டத்தை நிறைவேற்றியது. ஸ்பெயின் அல்லது மெக்சிகோ அரசு கொடுத்த உரிமையின் பேரில் கலிபோர்னியாவில் நிலம் கோரும் ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தின் முன் வந்து ஆவணங்களோடு மனு கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அந்த நிலம் அரசுப் புறம்போக்கு. காலக்கெடு 1853 மார்ச். ஆணையம் உட்கார்ந்தது பெரும்பாலும் கூப்பாவிலிருந்து பல நூறு மைல் தொலைவில், சான் பிரான்சிஸ்கோவில். விசாரணை ஆங்கிலத்தில்.

இந்தச் சட்டம் மெக்சிகோ வம்சாவளிப் பண்ணையார்களையும் தின்றது. 813 மனுக்கள் போயின. ஒரு மனு முடிந்து பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆனது. வழக்கறிஞர் கட்டணத்துக்கே நிலம் கரைந்தது. பியோ பீக்கோ 1894இல் எல்லாம் இழந்து செத்தார். இவர்களுக்காக அழும் புத்தகங்களும் படங்களும் நிறைய உண்டு; பாதி உண்மையும் உண்டு. ஆனால் அவர்களிடம் இழப்பதற்குப் பத்திரமாவது இருந்தது.

இப்போது கூப்பாவுக்கு வருவோம். அந்த இரண்டு ஆண்டு காலக்கெடுவுக்குள் கூப்பேனோக்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது?

1851இல் சான் டியேகோ மாவட்ட ஷெரீப் பூர்வகுடிகளின் மாடுகளுக்கு வரி கேட்டார். வாக்கு இல்லை, சாட்சி சொல்லும் உரிமை இல்லை, வரி மட்டும் உண்டு. கூப்பேனோ தலைவர் அந்தோனியோ கார்ரா மிஷனில் எழுதப் படிக்கக் கற்றவர். வரி கொடுக்க மறுத்தார். அதோடு நிற்காமல், கொலராடோ ஆற்றங்கரை முதல் மத்தியப் பள்ளத்தாக்கு வரை உள்ள இனங்களை ஒன்றுசேர்க்க ஆள் அனுப்பினார், கடிதம் எழுதினார். ஒன்றுசேர்வது எளிதாக இல்லை. பல தலைவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நவம்பரில் வார்னரின் பண்ணை தாக்கப்பட்டது. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, கடை சூறையாடப்பட்டது. வெந்நீர் ஊற்றில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த நான்கு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். நோயாளிகளைக் கொன்றதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

கார்ராவைப் பிடித்துக் கொடுத்தவர் இன்னொரு பூர்வகுடித் தலைவர், கவீயா இனத்தைச் சேர்ந்த ஹுவான் அந்தோனியோ. ராணுவம் வந்து கூப்பாவை எரித்தது. 1852 ஜனவரி 10ஆம் தேதி சான் டியேகோவில், வெட்டிவைத்த குழியின் விளிம்பில் கார்ராவை நிறுத்திச் சுட்டார்கள். சாவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கும்படி பாதிரியார் வற்புறுத்தினார். கார்ரா சிரித்துக்கொண்டே, என் குற்றங்களுக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நீங்களும் பதிலுக்கு என்னிடம் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன் என்ற பொருளில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

அதே மாதங்களில் கூட்டாட்சி அரசின் ஆணையர்கள் கலிபோர்னியா முழுவதும் சுற்றி, பூர்வகுடி இனங்களோடு 18 உடன்படிக்கைகளைச் செய்தார்கள். உங்கள் நிலத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுங்கள், 70 லட்சம் ஏக்கருக்கும் மேல் உங்களுக்கென்று ஒதுக்கித் தருகிறோம் என்பது அவற்றின் சாரம். கலிபோர்னியா சட்டமன்றம் கொதித்தது. தங்கமும் விளைநிலமும் உள்ள இடத்தை அவர்களுக்கா கொடுப்பது என்று பெரும்பான்மை அறிக்கை எதிர்த்தது. ஒரே ஒரு உறுப்பினர் சிறுபான்மை அறிக்கை எழுதினார்: இவர்களை எங்கேதான் போகச் சொல்கிறீர்கள், தங்க ஆசை நம் நியாய உணர்வைத் துடைத்துவிட்டதா என்று கேட்டார். அவர் யார் தெரியுமா? அப்போது மாநில செனட்டராக இருந்த வார்னர். சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய பண்ணை சூறையாடப்பட்டிருந்தது.

சாட்டையடிப் பண்ணையின் சொந்தக்காரர் எப்படி இதை எழுதினார்? மனம் மாறினாரா, ஆள் இல்லாமல் பண்ணை நடக்காது என்ற கணக்கா? இரண்டும் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம். நல்ல மனம் கொண்ட தனி ஆதிக்கக்காரர் ஒருவர் கிடைத்தால் போதும் என்று நினைக்கும் நண்பர்களிடம் நான் வார்னரைத்தான் காட்டுவேன். அறிக்கை நன்றாகத்தான் இருந்தது. 1852 ஜூலையில் வாஷிங்டனில் செனட் 18 உடன்படிக்கைகளையும் நிராகரித்தது. நிராகரித்ததோடு, அவற்றை ரகசிய ஆவணங்களாகப் பூட்டியும் வைத்தது. 1905 வரை அவை வெளியே வரவில்லை. கையெழுத்திட்ட பூர்வகுடிகளிடம் விஷயத்தை முறையாகச் சொல்லக்கூட யாரும் போகவில்லை.

எட்டு மாதம் கழித்துக் காலக்கெடு முடிந்தது.

ஊரை எரித்தது 1851 டிசம்பர் வாக்கில். தலைவனைச் சுட்டது 1852 ஜனவரி. உடன்படிக்கைகளைப் பூட்டியது ஜூலை. மனு கொடுக்கக் கடைசி நாள் 1853 மார்ச். சாட்சி சொல்லத் தகுதியில்லை என்று சட்டமே சொல்லிவிட்ட மக்கள், சாம்பலிலிருந்து எழுந்து, நானூறு ஐந்நூறு மைல் போய், தெரியாத மொழியில், இல்லாத பத்திரத்தைக் காட்டி மனு கொடுத்திருக்கவேண்டும். கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. இதைத்தான் சட்டம் பின்னால் ‘கைவிட்டார்கள்’ என்று எழுதப்போகிறது.

அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் கூப்பேனோக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். எரிந்த ஊரை மறுபடி கட்டினார்கள். மண் செங்கல் வீடுகள், தோட்டம், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. வெந்நீர் ஊற்றுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குக் குளியலறைகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார்கள். வில்லங்கச் சான்றில் மட்டும் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தன. வார்னரின் கையை விட்டு நிலம் போனது. கடைசியில் ஜான் டவுனி என்பவரிடம் சேர்ந்தது. இவர் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர், அயர்லாந்தில் பிறந்தவர். குடியானவர்களை நிலப்பிரபுக்கள் வீதியில் தள்ளிய அந்த அயர்லாந்துதான். சொந்த அனுபவம் மனிதரை எப்போதும் நல்லவராக்குவதில்லை.

இடையில் ஒரு கதவு திறந்து மூடியது. 1875 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கிராண்ட் இந்த ஊரைப் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலமாக அறிவித்தார். 1880 ஜனவரியில் பண்ணைக்கு முறைப்படி பட்டா கிடைத்தது. அதே மாதம் ஒதுக்கீட்டு ஆணை ரத்தானது. ஒரே மேசையில் இரண்டு காகிதங்கள், எந்தக் காகிதம் கனமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டவுனி தரப்பு 1890களின் தொடக்கத்தில் வெளியேற்ற வழக்குப் போட்டது. அவருக்குப் பின் உறவினர் ஜே. டவுனி ஹார்வி நடத்தினார். எதிர்த்தரப்பில் பார்க்கர் என்று பெயர் கொண்ட கூப்பேனோவும் ஊராரும். அவர்களிடம் ஒரு நல்ல முன்தீர்ப்பு இருந்தது. 1888இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொபோபா என்ற ஊரின் வழக்கில், பூர்வகுடிகள் ஆணையத்திடம் மனு கொடுக்காததால் அவர்களின் குடியிருப்பு உரிமை போய்விடாது என்று சொல்லியிருந்தது. அதாவது நீதிபதிகள் நினைத்தால் சட்டத்தை அப்படியும் படிக்க முடியும். படித்தும் காட்டியிருந்தார்கள்.

1901 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி படித்தது. நீதிபதி புரூயர் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிமையானது. நிலத் தகராறுகளுக்கு முடிவு கட்டத்தான் 1851ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. மனு கொடுக்கவேண்டியவர்களில் பூர்வகுடிகளும் அடக்கம். இவர்கள் கொடுக்கவில்லை, ஆகவே உரிமையைக் கைவிட்டார்கள். பண்ணையின் பட்டா செல்லும். சட்டம் எல்லோருக்கும் பொது.

இந்தக் கடைசி வாசகம் என்னுடையது, தீர்ப்பில் இல்லை. ஆனால் தீர்ப்பு நிற்பது அதன் மேல்தான். தீர்ப்பில் எங்கேயும் வசை இல்லை, வெறுப்பு இல்லை. மானியம் எந்த ஆண்டு, மனு எந்த ஆண்டு, காலக்கெடு எந்த நாள் என்று நிதானமாகப் போகிறது. எரித்த ஊர் அதில் ஒரு காரணமாக வரவே இல்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரை மனிதக் கணக்கிலிருந்து நீக்குகிறது. 1851ஆம் ஆண்டுச் சட்டம் அவரையும் ‘ஒவ்வொருவரும்’ என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டு, நீ ஏன் வரவில்லை என்று கேட்கிறது. உரிமைக்கு வரும்போது விலக்கு, கடமைக்கு வரும்போது சமத்துவம். முதல் சட்டத்தை இன்று எவரும் கண்டிப்பார்கள். இரண்டாவதை நடுநிலையான சட்டம் என்று இன்றும் பாடம் நடத்துவார்கள். நிலத்தைப் பறித்தது இரண்டாவதுதான்.

தீர்ப்பு வந்ததும் ஒரு பக்கம் அனுதாபம் பெருகியது. எழுத்தாளர் சார்லஸ் லம்மிஸ் முன்னின்று குரல் கொடுத்தார். நாடாளுமன்றம் 1,00,000 டாலர் ஒதுக்கியது, வேறு இடம் வாங்கிக் கொடுக்க. 1902இல் அதிகாரிகள் கூப்பாவுக்கு வந்து, உங்களுக்கு எந்த இடம் வேண்டும் என்று கேட்டார்கள். ஊர்த்தலைவர் செசீலியோ பிளாக்டூத் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். எங்கள் அப்பாக்களும் தாத்தாக்களும் அங்கே கிடக்கிறார்கள். உலகத்திலேயே நல்ல இடத்தை நீங்கள் கொடுத்தாலும் அது எங்களுக்கு இதற்கு ஈடாகாது. இங்கே இருக்க முடியாதென்றால் மலைக்குள் போய்ச் செத்துப்போகிறோம், வேறு ஊர் வேண்டாம் என்றார். மாற்று இடம், இழப்பீடு, மறுவாழ்வு என்று பேசிக்கொண்டு வந்தவர்களிடம் அதற்கு என்ன பதில் இருக்கும்?

வாங்கிய இடம் பாலா. சுமார் 40 மைல் தள்ளி. 3,438 ஏக்கர், 46,230 டாலர். அந்த மண்ணும் லூயிசேனோ என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தின் பழைய மண். அவர்களிடமிருந்து இலவசமாகப் போன நிலத்தை, வெள்ளையர்களிடம் அரசு காசு கொடுத்து வாங்கி, இவர்களுக்குக் கொடுத்தது.

1903 மே 12ஆம் தேதி காலை மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் வந்து நின்றன. ஏறக்குறைய நூறு பேர் கிளம்பினார்கள். சிலர் ஏற மறுத்து மலைகளுக்குப் போனார்கள். பயணம் மூன்று நாள். பாலாவில் இறங்கியபோது வீடுகள் இல்லை, கூடாரங்களில் தங்கினார்கள். பல மாதங்கள் கழித்துத்தான் வீடுகள் வந்தன. அவையும் நியூயார்க்கிலிருந்து துண்டு துண்டாக வரவழைத்துப் பொருத்திய பலகை வீடுகள். தடித்த மண் சுவருக்குள் வாழ்ந்தவர்கள் அந்தப் பலகைக்குள் குளிரிலும் வெயிலிலும் கிடந்தார்கள்.

கூப்பாவின் வெந்நீர் ஊற்று பிறகு உல்லாச விடுதியானது. 1920களில் பள்ளத்தாக்கில் அணை கட்டினார்கள். அதன் ஏரிக்கு ஹென்ஷா என்ற புதிய நிலச் சொந்தக்காரரின் பெயர் வைத்தார்கள். 1946இல் பண்ணையின் பெரும்பகுதி விஸ்டா என்ற ஊரின் பாசன மாவட்டத்துக்குக் கைமாறியது. இன்றைக்கு வில்லங்கம் போட்டாலும் அந்தப் பெயர்தான் வரும்.

வண்டிகளில் ஏறியவர்களில் ரோசின்டா நோலாஸ்கஸ் என்ற பத்து வயதுச் சிறுமியும் ஒருவர். கூப்பேனோ மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராக அவர் 1987இல் இறந்தார். அதற்கு முன்னால், 1973இல், மொழியியல் அறிஞர் ஜேன் ஹில்லோடு சேர்ந்து கூப்பேனோ கதைகளையும் வரலாற்றையும் தொகுத்து ஒரு நூல் கொண்டுவந்தார். ஒவ்வொரு மே மாதமும் பாலாவில் கூப்பேனோக்கள் கூடுகிறார்கள். அந்த நிகழ்வுக்குக் ‘கூப்பா நாட்கள்’ என்று பெயர்.